மரப்பலகையிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார்: முதன்முறை செய்பவருக்கு

கிட்டார் செய்யப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆறேழு கிட்டார் செய்த பிறகு, அது இரண்டாவது கேள்வி என்று தெரிகிறது. நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளப்பட்டை) பிரிட்ஜ் வரை (உடல்பக்கம் தந்தியைத் தாங்குவது) தந்தி போகும் பாதை நேராக இருக்கிறதா, அதன் நீளம் சரியா என்பதுதான் முதல் கேள்வி. அது தப்பினால் எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் சுருதி சேராது. அது சரியாக அமைந்துவிட்டால் சாதாரணப் பலகைகூடப் பாடும்.

கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் செய்த கிட்டாரைப் பாருங்கள். நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் ஒரு பைன் கட்டை. அதில் நெக்கும் (கழுத்து) பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது) தந்தியும் பூட்டினார். பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்க வேண்டுமே என்று வேறொரு கிட்டாரை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் மாட்டிக்கொண்டார். சத்தத்துக்குத் தேவைப்பட்டது நடுவில் இருந்த கட்டை மட்டும்தான். 1950இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டார் அதைவிடவும் எளிமை: ஒரு பலகை, நான்கு ஸ்க்ரூவில் பூட்டிய ஒரு நெக். அவர் ரேடியோ பழுதுபார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். நாம் செய்யப்போவதும் ஏறத்தாழ அந்த முறைதான்.

வெட்டுவதற்கு முன்

முதல் கிட்டாருக்கு என் யோசனை இது. பாடியை (உடல்) நீங்கள் செய்யுங்கள், நெக்கை ஃபிரெட் (மெட்டுக் கம்பி) போட்டதாக வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், ஒரே ஒரு வால்யூம். பிரிட்ஜ், பாடிமேல் தட்டையாக உட்காரும் அசையாத வகை. டிரெமலோ (நெம்பினால் அசையும் பிரிட்ஜ்) வேண்டாம், அதற்கு முன்னும் பின்னும் குடைய வேண்டும். உயரமான கால்களில் நிற்கும் பிரிட்ஜும் வேண்டாம், அதற்கு நெக்கைச் சில டிகிரி பின்னுக்குச் சாய்க்க வேண்டியிருக்கும். சாய்வு வந்தால் கணக்கும் கூடவே வரும்.

நெக்கை வாங்குவது ஏமாற்று வேலை என்று சிலருக்குத் தோன்றும். ஃபிரெட் போட்டு, அவற்றைச் சமன்படுத்தி, தலையைச் சீவி எடுப்பது தனியே ஒரு தொழில். இரண்டையும் ஒரே நேரத்தில் பழகப் போனால் பாதியில் நின்றுபோன கட்டை ஒன்று அலமாரிமேல் தூசி பிடித்துக் கிடக்கும். எத்தனையோ பேர் வீட்டில் அப்படிக் கிடக்கிறது.

நெக், பிரிட்ஜ், பிக்கப், பாட் (வால்யூம் குமிழின் மின்தடை), ஜாக் (கேபிள் செருகும் துளை) எல்லாம் கைக்கு வந்த பிறகே மரத்தில் ரம்பம் படட்டும். வரைபடத்தில் இருக்கும் அளவு வேறு, உங்கள் கையில் இருக்கும் பொருளின் அளவு வேறு. நெக்கின் அடிப்பகுதி பொதுவாக 56 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம் இருக்கும். "பொதுவாக" என்பதை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மரம்

மஹோகனி, ஆல்டர், ஆஷ், வால்நட், மேப்பிள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பட்டியல் ஒன்று உண்டு. தேக்கிலும் செய்யலாம். மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்று வாதாடுகிறவர்கள் வாதாடிக்கொண்டே இருக்கட்டும். பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும். அது பிடிப்பது உலோகத் தந்தியின் அதிர்வை. எனக்குப் பட்டவரை, பிக்கப்பை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் கேட்கும் வித்தியாசம் மரத்தை மாற்றினால் கேட்பதில்லை. அதனால் எடை, காய்ச்சல் (மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது), வேலைக்கு இணங்கும் தன்மை இந்த மூன்றையும் பார்த்து மரம் எடுங்கள்.

எடைக்கு ஒரு கணக்கு. 500 × 350 × 45 மி.மீ. பலகை என்பது கிட்டத்தட்ட 7.9 லிட்டர் கனஅளவு. வடிவம் வெட்டிக் குடைந்த பிறகு அதில் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். அதாவது வாங்கும்போது நாலரைக் கிலோ இருக்கும் பலகை, பாடி ஆகும்போது இரண்டரைக் கிலோ. நெக்கும் மற்றவையும் சேர்ந்தால் மூன்றரைக்கு மேல் போகும். கடினமான மேப்பிளில் முழு பாடி செய்தால் தோள் கழன்றுவிடும். வைரம் பாய்ந்த கட்டை என்றால் நமக்கெல்லாம் ஒரு மயக்கம் உண்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்று பார்த்தால் தெளிந்துவிடும்.

காய்ச்சல்தான் இதில் முக்கியம். ஈரம் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானி இல்லையா? சமையலறைத் தராசு போதும். பலகையை வேலை செய்யும் அறையிலேயே, அடியில் குச்சிகள் வைத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி கிடத்துங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எடை பார்த்துப் பலகைமேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு வாரமாக ஒரே எண் என்றால் வேலையைத் தொடங்கலாம்.

ரோஸ்வுட் வகைகளை நாடு தாண்டி வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஈட்டி உள்ளிட்ட அதன் இனத்து மரங்கள் எல்லாம் 2017இல் அடுத்த பட்டியலுக்குள் வந்தன. 2019இல் கிடைத்த விலக்கு செய்து முடித்த இசைக்கருவிக்குத்தான், பலகைக்கு அல்ல.

இரண்டை ஒன்றாக்குவது

350 மி.மீ. அகலத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது. இரண்டு பலகைகளை நீளவாக்கில் ஒட்டுவதே வழக்கம். ஒட்டும் விளிம்பை இழைக்க ஒரு பழைய தச்சு யுக்தி இருக்கிறது. புத்தகத்தை மூடுவது போல இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து வைஸில் இறுக்கி, இரண்டு விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்து இழைப்புளி ஓட்டுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. திறந்து விரித்துச் சேர்க்கும்போது ஒன்றின் சாய்வை மற்றதன் சாய்வு ஈடுகட்டிவிடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி விளக்குக்கு எதிரே பாருங்கள். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி இழைக்க வேண்டியதுதான். கிளாம்ப் போட்டு நெருக்கினால் மூடிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். இன்று மூடும், ஆறு மாதத்தில் திறக்கும்.

சாதாரண வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை போதும். கிளாம்பை இறுக்கும்போது இணைப்பு நெடுகச் சிறுசிறு முத்தாகப் பசை பிதுங்க வேண்டும். ஒரு நாள் தொடாதீர்கள். பிறகு இரு முகத்தையும் இழைத்து 45 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நடுக்கோடும் நெக் பாக்கெட்டும்

பெரும்பாலானோர் முதலில் அழகான வெளிவடிவத்தை வெட்டிவிடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். பலகை சதுரமாக இருக்கும்வரை கிளாம்ப் போட இடம் உண்டு, மரத்தைக் குடையும் ரூட்டர் உட்காரவும் இடம் உண்டு. அதைவிட முக்கியமாக, நெக் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டால் வெளிவடிவத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

பலகையின் நடுவில் கூர்மையான கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது, கத்திக் கீறலுக்கு இல்லை. நெக்கில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நட் பக்கமும் அடிப்பக்கமும் அகலத்தை அளந்து நடுப்புள்ளி வையுங்கள். நெக்கைப் பலகைமேல் வைத்து, மெல்லிய நூல் ஒன்றை நட்டின் நடுவிலிருந்து பலகையின் கடைக்கோடி வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு புள்ளிகளும் கீறலும் நூலுக்கு நேர் கீழே வரும்வரை நெக்கை நகர்த்திக் கிளாம்ப் போடுங்கள்.

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? நெக் உட்காரும் குழிதான் பாக்கெட், அதன் நீளம் சுமார் 75 மி.மீ. அதற்குள் நெக் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால், அந்தச் சாய்வு நட்டைத் தொடும்போது மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்புறம் மெல்லிய தந்தி ஃபிரெட்போர்டின் ஓரத்திலிருந்து வழுக்கி விழும். வாசிக்கவே முடியாது.

நெக் அசையாமல் நிற்கும்போதே, அதன் இரு பக்கமும் அடியிலும் நேரான எம்.டி.எஃப் பட்டைகளை ஒட்டி இருபக்க டேப்பால் பலகைமேல் பதியுங்கள். நெக்கை எடுத்துவிட்டால் நடுவில் நிற்பது அந்த நெக்குக்கென்றே ஆன அச்சு. மேலே பேரிங் உள்ள பிட்டை (அச்சின் ஓரத்தில் உருளும் வெட்டுமுனை) ரூட்டரில் மாட்டி, இந்த அச்சுக்குள் ஓட்டி 16 மி.மீ. ஆழம் எடுங்கள். ஒரே தடவையில் அல்ல. ஐந்து மில்லிமீட்டர், பிறகு இன்னும் ஐந்து, கடைசியில் மிச்சம்.

என் இரண்டாவது கிட்டாரில் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிட்டைக் கோலட்டுக்குள் (ரூட்டர் பிட்டைக் கவ்வும் வாய்) அடி தட்டும்வரை தள்ளி இறுக்கியிருந்தேன். அப்படி இறுக்கினால் பிடிமானம் சரியாக விழாது. அது எனக்கு அப்போது தெரியாது. வேலை நடக்க நடக்க பிட் இம்மி இம்மியாகக் கீழே இறங்கியிருக்கிறது. சத்தம் மாறுவதைக் காது சொன்னது, கை கேட்கவில்லை. நிறுத்தி அளந்தால் ஒரு மூலையில் 20 மி.மீ. கடைசியில் பாக்கெட்டின் அடி முழுவதையும் அந்த ஆழத்துக்கே இறக்கி, நான்கு மில்லிமீட்டர் மேப்பிள் தகடு ஒட்டிச் சரிக்கட்டினேன். கிட்டார் இன்றும் ஓடுகிறது. நெக்கைக் கழற்றும்போது மட்டும் அந்தத் தகடு என்னைப் பார்த்துச் சிரிக்கும். பிட்டை உள்ளே தள்ளிய பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு இறுக்குங்கள்.

பாக்கெட் சரியாக வந்ததா என்பதற்கு ஒரு சோதனை. ஸ்க்ரூ போடாமல் நெக்கை அழுத்திச் செருகி, நெக்கைப் பிடித்துத் தூக்குங்கள். பலகை கூடவே எழுந்து வந்தால் நல்ல வேலை. சுத்தியால் தட்டினால்தான் உள்ளே போகிறது என்றால் இறுக்கம் அதிகம், பூச்சுக்கு இடமிருக்காது.

பாடியில் போடும் துளை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாக, ஸ்க்ரூ தாராளமாகப் போய்வரும்படி இருக்க வேண்டும். மரை பிடிக்க வேண்டியது நெக்கில் மட்டும். இரண்டிலும் பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். நீளத்தையும் சரிபாருங்கள். பாக்கெட்டின் அடியில் மிஞ்சும் மரம் 29 மி.மீ., பின்தகடு 2 மி.மீ., ஆக 45 மி.மீ. ஸ்க்ரூ நெக்குக்குள் 14 மி.மீ. போகும். மேலே ஃபிரெட்போர்டைத் தொடாது. மரையில் கொஞ்சம் மெழுகு தடவிக்கொண்டால் கெட்டி மேப்பிளில் ஸ்க்ரூ தலை முறியாது.

பிரிட்ஜ் எங்கே?

நெக் பூட்டியாயிற்று. இனி நீங்கள் கத்தியால் கீறிய கோடு செல்லாது. நெக் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதுதான் நடுக்கோடு. பழைய கோட்டின் மேலேயே அது விழுந்தால் சந்தோஷம், விழாவிட்டால் புதுக்கோடு போட்டுக்கொண்டு மேலே போங்கள்.

நட்டின் ஃபிரெட்போர்டுப் பக்க விளிம்பிலிருந்து 12ஆவது ஃபிரெட்டின் நடு வரை அளந்து இரட்டியுங்கள். அதுதான் ஸ்கேல் நீளம். ஃபெண்டர் வகை நெக்கில் 648 மி.மீ. வரும், கிப்சன் வகையில் 628 பக்கம் இருக்கும். பிரிட்ஜின் எல்லா சேடலையும் (ஒவ்வொரு தந்தியும் உட்காரும் நகரும் துண்டு) முன்னுக்குத் தள்ளி, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வையுங்கள். மெல்லிய இ தந்தியின் சேடல் அந்த ஸ்கேல் நீளத்தில் விழுமாறு பிரிட்ஜை நிறுத்துங்கள். தடித்த தந்திகளுக்கு நீளம் இன்னும் சில மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும், அதற்குச் சேடலைப் பின்னுக்கு இழுக்க இடம் கிடைத்துவிடும். பிரிட்ஜைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் முன்னுக்கு வர இடமிருக்காது. அப்புறம் துளையை அடைத்துப் புதுத்துளை போட வேண்டியதுதான்.

இன்னும் டிரில்லை எடுக்காதீர்கள். மறுபடியும் நூல். முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் பதில் இரண்டு நூல்களை நட்டின் ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜின் ஓரச் சேடல்கள் வரை இழுத்து டேப் ஒட்டுங்கள். கடைசி ஃபிரெட்டில் குனிந்து, இரு நூலுக்கும் ஃபிரெட்போர்டின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவா? இல்லையென்றால் பிரிட்ஜைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சமமான பிறகே துளைகளைக் குறியுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு வருந்தியவர்கள் நிறையப் பேர்.

நூல்கள் இழுத்திருக்கும்போதே பிக்கப்பையும் அடியில் வைத்துப் பார்த்துக் குறித்துவிடுங்கள். பிரிட்ஜை ஒட்டி வைத்தால் ஒலி கூர்மையாக வரும், நெக்கை நோக்கிப் போகப் போக உருண்டு திரளும்.

குடைவதும் வெட்டுவதும்

பிக்கப் குழி, வால்யூம் குழி இரண்டுக்கும் முதலில் அகலமான ஃபார்ஸ்ட்னர் பிட்டால் வரிசையாகத் துளை போட்டுப் பெரும்பாலான மரத்தை எடுத்துவிடுங்கள். ரூட்டருக்கு ஓரத்தைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் மிஞ்சட்டும். வால்யூம் குழியின் அடியில் ஆறு மில்லிமீட்டராவது மரம் இருக்க வேண்டும். பிரிட்ஜின் அடியிலிருந்து இந்தக் குழிக்கு ஒரு மெல்லிய துளையும் போடுங்கள். எர்த் வயர் போக வேண்டிய வழி அது. மறந்தால் பிறகு அழுகைதான்.

வெளிவடிவத்தைக் கோட்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே ஜிக்ஸாவில் அறுத்து, மிச்சத்தை அச்சு வைத்து ரூட்டரில் எடுங்கள். கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரை வெளி ஓரத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். குழிக்குள் கடிகாரத் திசை. மாற்றி ஓட்டினால் ரூட்டர் கையை இழுத்துக்கொண்டு ஓடும். கொம்பு மாதிரி வளையும் இடங்களில் மரத்தின் நார் முனை பிட்டுக்கு எதிரே வந்து நிற்கும். துண்டு பெயர்வது அங்கேதான். அங்கே ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள்.

கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் உறுதியான விஷயம். ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலையும் தடிக்க வைக்கும்.

தேய்ப்பதும் பூசுவதும்

உப்புத்தாள் 120இல் தொடங்கி 180, 240, 320. இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய கீறல் பூச்சுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துத் தேயுங்கள். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் நார்கள் சிலிர்த்து நிற்கும், அவற்றை 320 சீவிவிடும்.

முதல் கிட்டாருக்கு எண்ணெய்ப் பூச்சுதான் சரி. டங் எண்ணெயோ டேனிஷ் எண்ணெயோ, துணியில் தொட்டுத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. நான்கைந்து போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம். லாக்கரில் அது அவ்வளவு எளிதல்ல.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் காய்வது ஒரு வேதிவினை, அதில் வெப்பம் வெளியாகும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

வயரிங்

ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட். முதுகு உங்கள் பக்கம், கால்கள் கீழே பார்த்திருக்கும்படி பிடித்தால் ஒரு ஓரக் காலுக்குப் பிக்கப்பின் ஹாட் வயர், நடுக்காலிலிருந்து ஜாக்கின் நுனிக்கு ஒரு வயர், மறு ஓரக் கால் பாட்டின் முதுகோடு சேரும். பிக்கப்பின் எர்த், பிரிட்ஜிலிருந்து வரும் எர்த், ஜாக்கின் எர்த் மூன்றும் அதே முதுகில். குமிழைத் திருப்பினால் சத்தம் தலைகீழாகக் கூடிக் குறைந்தால், ஓரக் கால்கள் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வேறொன்றுமில்லை.

பாட்டின் முதுகை உப்புத்தாளால் கொஞ்சம் சுரண்டிவிட்டு ஈயம் வையுங்கள், இல்லையென்றால் ஒட்டாமல் உருண்டோடும். தந்தி மாட்டும் முன் ஆம்ப்பில் செருகி, ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை மெல்லத் தட்டுங்கள். "டக்" என்று கேட்டால் வேலை செய்கிறது.

தந்தி ஏறிய பிறகு

வரிசை முக்கியம்: சுருதி, நெக்கின் வளைவு, தந்தி உயரம், கடைசியில் இன்டொனேஷன் (ஃபிரெட்டில் அழுத்தினாலும் சுருதி சேர்வது). தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும், நெக் பாடியில் சேரும் இடத்து ஃபிரெட்டிலும் அழுத்தினால் ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கம் 0.2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கி, சுருதி சேர்த்து, மறுபடி பாருங்கள். 12ஆவது ஃபிரெட்டில் உயரம் மெல்லிய தந்திக்கு 1.5, தடித்ததற்கு 2 மி.மீ. என்று தொடங்கலாம். பிறகு அதே ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் தொட்டு மட்டும் மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடலைப் பின்னுக்கு, இறங்கி நின்றால் முன்னுக்கு.

இரண்டு வாரம் கழித்து நெக்கை இன்னொருமுறை பாருங்கள். இழுவைக்குப் பழகிக் கொஞ்சம் வளைந்திருக்கும்.

அடுத்த கிட்டாருக்கு நெக்கையும் நீங்களே செய்யத் தோன்றும். தோன்றட்டும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, தேவைப்பட்டால் நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரின் ஃபிரெட்டுக்கு மரத்தில் 0.6 மி.மீ. பிளவு அறுக்கிறோம், அதற்குப் பிறகு நகர்த்த வழியில்லை. ஸ்கேல் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் வரும், மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து முந்தைய தூரத்தோடு கூட்டினால் அடுத்தது. 648 மி.மீ. நீளத்துக்கு முதலாவது 36.37, இரண்டாவது 70.70, ஐந்தாவது 162.55, பன்னிரண்டாவது சரியாக 324. எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்த ஃபிரெட்டுக்கு என்று அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஸ்கேல் அதேதான் என்றால், ரம்பத்தை எடுக்கும் முன் முதல் கிட்டாரின் நெக்கைக் கழற்றிக் குறிகளின் பக்கத்தில் கிடத்தி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.